ட்ரீமேப்புக்கு 'மர வரைபடம்' வேணாமே, வேற சொல் யோசிப்போமா?

எல்லாருக்கும் வணக்கம். மடல் கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு, பொறுத்துக்கோங்க.

நாங்க மூணு பேர் சேந்து தரவு ஆராயுற ஒரு மென்பொருளோட மெனு, பட்டன் எல்லாத்தையும் தமிழ்ல கொண்டுவந்துக்கிட்டு இருக்கோம்னு முன்னாடியே சொல்லியிருந்தேன். 'சேமி', 'நீக்கு', 'பதிவிறக்கு' எல்லாம் யோசிக்காமலே ஓடிடுச்சு. பை சார்ட், பார் சார்ட்டுக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்துலயே வட்ட விளக்கப்படம், பட்டை விளக்கப்படம்னு இருக்கு, ஹிஸ்டோகிராமுக்கு நிகழ்வுச் செவ்வகம் இருக்கு, அதையெல்லாம் அப்படியே எடுத்தாச்சு. மாட்டிக்கிட்டது அதுக்கு மேல வர்ற சமாச்சாரத்துலதான். ட்ரீமேப், பிரஷ்ஷிங், டிரில் டவுன், பேரலல் கோஆர்டினேட்ஸ், அப்புறம் இது எல்லாத்துக்கும் தலைமேல உக்காந்திருக்குற விஷுவலைசேஷன், அதாவது தரவப் படமா ஆக்குறது.

ட்ரீமேப்ல, அதான் ஒரு பெரிய செவ்வகத்துக்குள்ள அளவுக்குத் தகுந்த சின்னச் சின்னக் கட்டமா அடுக்கிக் காட்டுற படத்துல, நான் பட்ட பாட்ட முதல்ல சொல்லிடறேன். போன வருஷம் ஒரு தொண்டு அமைப்புக்கு ஒன்றியவாரியா பள்ளிக்கூட விவரம் பாக்குறதுக்கு ஒரு பக்கம் செஞ்சு குடுத்தோம், அதுல நான் ரெண்டு சொல்லையும் தனித்தனியா அகராதில பாத்து ஒட்டி 'மர வரைபடம்'னு போட்டு வெச்சிருந்தேன். காட்டுன அன்னிக்கு அங்க இருந்த ஒரு அம்மா ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டு "எந்தப் பள்ளிக்கூடத்துல எத்தன மரம் நட்டிருக்காங்கன்னா சார் இது?"ன்னாங்க. நான் பச்சைக் கலர் வேற குடுத்திருந்தேன்.

அவங்க மேல தப்பே இல்ல. திரையில மரம் எங்க இருக்கு? ட்ரீமேப் வந்த கதையப் பாத்தா மரம் வேணாம்னு விட்டதாலதான் அந்தப் படமே பொறந்திருக்கு. 1990 வாக்குல மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துல பென் ஷ்னெய்டர்மனோட ஆய்வுக்கூடத்துல 80 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் ஒண்ணு, 14 பேர் அதப் பங்குபோட்டுக்கிட்டு இருந்தாங்க, டிஸ்க் எப்பப் பாத்தாலும் ரொம்பிடும், யாரு அடைச்சு வெச்சிருக்காங்கன்னு கண்டுபிடிக்கணும். ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர்னு கிளை கிளையா வரைஞ்சா காகிதம் பத்தல, அதுல எது பெருசு எது சிறுசுன்னும் தெரியல. அதனால மனுஷன் மரத்தையே தூக்கிப் போட்டுட்டு, மொத்தத் திரையையும் ஒரே செவ்வகமா எடுத்துக்கிட்டு, முதல் மட்டத்துக்கு நெட்டுவாக்குல வெட்டி, அடுத்த மட்டத்துக்குக் குறுக்குவாக்குல வெட்டி, அதுக்கடுத்து திரும்ப நெட்டுவாக்குலன்னு மாத்தி மாத்தி வெட்டிக்கிட்டே போனாரு. ஃபைல் பெருசா இருந்தா அதோட கட்டமும் பெருசு, அவ்ளோதான். இப்போ நம்ம போன்ல வர்ற ஒரு கல்யாண வீடியோ அந்த டிஸ்க்குல அடங்காது, ஆனா அதுலேர்ந்து வந்த படம் இன்னும் உசுரோட இருக்கு.

இத முதல் தடவ சரியா புரிஞ்சிக்கிட்டப்ப எனக்கு ஞாபகம் வந்தது எங்க வீட்டுக் கொல்லை. அப்பா மண்வெட்டிய எடுத்துக்கிட்டு முதல்ல பெரிய வரப்பு போட்டுப் பிரிப்பாரு, இது கத்திரிக்கு, இது வெண்டைக்கு, அப்புறம் ஒவ்வொண்ணுக்குள்ளயும் சின்னச் சின்னதாப் பாத்தி கட்டுவாரு. தோட்டத்த மேலேர்ந்து பாத்தா அதுதான் ட்ரீமேப். அதனால என் முன்மொழிவு பாத்திப்படம். உள்ள இருக்குற ஒவ்வொரு கட்டமும் பாத்தி, நடுவுல ஓடுற கோடு வரப்பு. மெனுல 'வரப்புத் தடிமன்'னு ஒரு ஆப்ஷன் வரும், நினைச்சுப் பாக்கவே சந்தோஷமா இருக்கு.

இன்னொண்ணும் அழகாப் பொருந்துது. ஷ்னெய்டர்மன் வெட்டுன முறையில ஒரு கோளாறு உண்டு, நெறைய துண்டு விழுந்துச்சுன்னா நீள நீளமா ஒல்லிப் பட்டையா வந்துடும், அண்ணன் தம்பி அஞ்சாறு பேரு பாகம் பிரிச்ச நெலம் மாதிரி, ஏர் திருப்பக்கூட எடம் இருக்காது. பட்டையா இருந்தா எது பெருசுன்னு கண்ணால ஒப்பிடவும் முடியாது. 2000த்துல நெதர்லாந்துக்காரங்க மூணு பேரு, ப்ரூல்ஸ், ஹவுசிங், வான் வைக், கூடுமானவரைக்கும் சதுரமா வர்ற மாதிரி வெட்டுற வழியக் கொண்டுவந்தாங்க, இன்னிக்கு நெறைய டூல்ல ஓடுறது அதுதான். இதுக்குச் 'சதுரப்பாத்தி', பழைய முறைக்குப் 'பட்டைப்பாத்தி'ன்னு வெச்சுட்டா விளக்கமே வேண்டியதில்ல.

"தொழில்நுட்பச் சொல்லுக்கு கொல்லை வரப்புன்னு போனா கௌரவமா இருக்காதே"ன்னு யாராவது சொல்லுவீங்க, தெரியும். அதுக்கு ஜான் டூக்கிங்கற புள்ளியியல்காரர சாட்சிக்குக் கூப்பிடறேன். கம்ப்யூட்டர்ல 0, 1னு வருமே, அந்த பிட்ங்கற சொல்லக் குடுத்ததே அவருதான். 1977ல தரவ எப்படித் துருவிப் பாக்குறதுன்னு ஒரு புத்தகம் போட்டாரு, அதுல கிரேக்கமும் லத்தீனும் தேடிப் போகாம, தண்டும் இலையும், பெட்டியும் மீசையும், கீல், வேலின்னு வீட்லயும் தோட்டத்துலயும் கெடந்த சொல்லயே எடுத்து வெச்சாரு. வேலிக்கு வெளிய நிக்குற புள்ளி விலகுன புள்ளி, ஒரு தடவ கேட்டா மறக்குமா? அவங்க ஊர்ல வேலி போடலாம், நாம வரப்பு போடக்கூடாதா?

இப்போ பெரிய சண்டைக்கு வர்றேன். விஷுவலைசேஷனுக்குக் 'காட்சிப்படுத்தல்'னு நம்ம பக்கம் புழங்குது. எனக்கு அதுல ஒரு உறுத்தல். காட்சிப்படுத்துறதுன்னா, விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் தெரியாத இன்னொருத்தருக்கு எடுத்து வெக்கிறது, ஜவுளிக்கடை பொம்மை மாதிரி. லண்டன் காலரா வரைபடத்த எல்லாரும் உதாரணம் சொல்லுவாங்க, ஜான் ஸ்னோங்கற டாக்டர் 1854ல சாவு விழுந்த வீட்டையெல்லாம் புள்ளி வெச்சாரு, பிராட் ஸ்ட்ரீட் பம்புதான் காரணம்னு படத்தப் பாத்துக் கண்டுபிடிச்சாருன்னு. நெசம் அப்படி இல்ல. தண்ணி வழியாத்தான் காலரா பரவுதுன்னு அவரு 1849லயே எழுதிட்டாரு. 54 செப்டம்பர்ல தெருத்தெருவா அலைஞ்சு விசாரிச்சாரு, அதே வட்டாரத்துல 535 பேரு இருந்த ஏழைகள் விடுதியில சொந்தக் கிணறு இருந்ததால அஞ்சு பேருதான் செத்தாங்கன்னு தெரிஞ்சுகிட்டாரு, பக்கத்து பீர் ஆலைக்காரங்க அந்தப் பம்புப் பக்கமே போகாம பொழச்சாங்கன்னு கேட்டுகிட்டாரு. நாம பாக்குற வரைபடம் 1855 புத்தகத்துல, நம்பாதவங்கள நம்ப வெக்கிறதுக்காக வந்தது. அதுதான் காட்சிப்படுத்தல், சுத்தமான காட்சிப்படுத்தல்.

ஆனா நாங்க தமிழ்ப்படுத்துற டூல் அதுக்கில்ல. இதுல உக்கார்றவருக்கு என்ன தேடுறோம்னே பாதி நேரம் தெரியாது. கட்டத்த அழுத்திப் பாப்பாரு, வடிகட்டிப் பாப்பாரு, அச்ச மாத்துவாரு, திரும்பி வருவாரு. குழம்புச் சட்டியில அடியில என்ன கெடக்குன்னு கரண்டியால துழாவுற மாதிரி. அதனால எக்ஸ்ப்ளோரேஷனுக்குத் 'துழாவல்', தரவுத் துழாவல். விஷுவலைசேஷனுக்கு இன்னும் ஒண்ணும் தோணல, உங்ககிட்ட விட்டுடறேன்.

அப்புறம் பிரஷ்ஷிங். ஒரு படத்துல சில புள்ளிய மவுஸால வளைச்சுப் பிடிச்சா, பக்கத்துல இருக்குற மத்த படத்துலயெல்லாம் அதே ஆளுங்களோட புள்ளி பளிச்சுன்னு ஆகுமே, அது. 1987ல பெல் லேப்ஸ்ல பெக்கரும் கிளீவ்லேண்டும் எழுதுன கட்டுரையிலேர்ந்து நெலைச்ச பேரு. 'வருடல்'னு போடலாம்னு பாத்தா ஸ்கேனர்காரன் முன்னாடியே 'வருடி'ன்னு பட்டா வாங்கிட்டான். 'பூசல்'னா சண்டை. 'தீட்டல்'னா பாதி பேருக்கு அரிசி, மீதி பேருக்கு வேற நெனப்பு. உதவி பண்ணுங்க.

———

வணக்கம் தம்பி, யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன்.

பாத்திப்படம் எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. எங்கட பக்கம் செம்மண் தோட்டத்தில வெங்காயப் பாத்தி கட்டி, கிணத்தில இருந்து இறைச்சு ஒவ்வொரு பாத்திக்கும் தண்ணி மாறுறதைப் பாத்து வளந்த ஆக்களுக்கு இது உடன விளங்கும். ஒரே ஒரு சந்தேகம், தோட்டத்தில பாத்தியள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு, உங்கட படத்தில அளவு வித்தியாசம்தான் விசயமே. பிள்ளையள் கேட்டால் என்ன சொல்லுறது?

காட்சிப்படுத்தல் பற்றி நீங்கள் சொன்னதில பாதி சரி. நாங்கள் இஞ்ச கட்புலனாக்கம் எண்டு பாவிக்கிறம். அந்தச் சொல்லை ஒருக்காப் பிரிச்சுப் பாருங்கோ, கண்ணின்ர புலனுக்கு எட்டாத ஒண்டை எட்ட வைக்கிறது. யாருக்குக் காட்டுறம் எண்ட கேள்வியே அதில இல்லை, தனக்குத் தானே பாக்கிறதுக்கும் பொருந்தும். இந்தத் துறையின்ர வரைவிலக்கணமும் அதைத்தான் சொல்லுது. கார்ட், மக்கின்லே, ஷ்னெய்டர்மன் மூண்டு பேரும் 1999ல போட்ட தொகுப்பில, உருவம் இல்லாத தரவுக்கு கணினியில ஊடாடுற காட்சி வடிவம் குடுத்து அறிவைப் பெருக்கிறது எண்ட மாதிரித்தான் எழுதியிருக்கினம். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு ஏற்கனவே இருக்கு, பணவீக்கத்துக்கு எலும்பு எங்க இருக்கு? இல்லாத உருவத்தை ஆக்கிறம், அதால ஆக்கம்.

துழாவல் எண்டதில எனக்கு மனம் ஒப்பேல்லை. துழாவுறது எண்டால் இருட்டில கையால தடவிறது. ஒரு ஆராய்ச்சியாளர் வேலையை அப்பிடிச் சொல்லலாமோ?

———

தம்பிக்கும் தங்கைக்கும் வணக்கம்.

எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாக வராது, முப்பது வருஷம் தமிழ் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு இப்போது பேரன் புண்ணியத்தில் இந்தக் குழுவைப் படிக்கிறேன். டிரில் டவுன் என்றால் என்ன என்று அவனிடம் கேட்டேன், படத்தில் ஒரு துண்டை அழுத்தினால் அதற்குள் இருப்பது விரியும் என்று போனிலேயே காட்டினான். அதற்கு நன்னூலிலேயே உவமை இருக்கிறதே அப்பா! சூத்திரங்கள் ஒன்றுக்கொன்று எப்படித் தொடர்பு கொண்டு நிற்கும் என்பதற்கு நான்கு நிலை சொல்லியிருக்கிறார் பவணந்தி, ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. பருந்து மேலே வட்டமிட்டு எல்லாவற்றையும் பார்க்கும், வேண்டியதைக் கண்டதும் நேராக இறங்கிக் கொத்திக்கொண்டு போய்விடும். நீங்கள் சொல்லும் வேலை அதுவேதான். மேலோட்டமாக எல்லாவற்றையும் பார்ப்பது 'பருந்து நோக்கு', உள்ளே இறங்குவது 'வீழ்வு'.

பிரஷ்ஷிங்குக்குத் 'துலங்கல்' பாருங்கள். துலங்குதல் என்றால் ஒளிர்தல், விளங்குதல் இரண்டும். தூண்டல், துலங்கல் என்று பாடத்திலும் படித்திருப்பீர்கள். ஓரிடத்தில் தொட்டால் எல்லாப் படத்திலும் கூடவே துலங்குவதால் 'உடன்துலங்கல்'. புணர்ச்சி விதிப்படி எழுதினால் உடன்றுலங்கல் என்று வரவேண்டும், ஆனால் எவனும் வாசிக்க மாட்டான், நானே வாசிக்க மாட்டேன், பிரித்தே இருக்கட்டும்.

———

> ட்ரீமேப்னே விட்டுடலாமே ப்ரோ, பஸ் போலீஸ் எல்லாம் ஏத்துக்கலையா, புதுசா சொல் கண்டுபிடிச்சு யாரு யூஸ் பண்ணப் போறா, கூகுள்ல தேடுனா ஒண்ணும் வராது

தனிமடல்ல வந்தது இது, ஆனா நியாயமான கேள்வி, அதனால அவர்கிட்டக் கேட்டுட்டு இங்கயே பதில் சொல்றேன். பஸ் ஏன் தமிழாச்சுன்னா பஸ்ஸ எல்லாரும் பாத்தாங்க, ஏறுனாங்க, அந்தச் சொல்லுக்குள்ள பிரிச்சுப் பாக்க வேற அர்த்தம் எதுவும் தடுக்கல. ட்ரீமேப்ன்னு தமிழ் எழுத்துல எழுதுனா, இங்கிலீஷ் தெரிஞ்சவன் மனசுல மரமும் மேப்பும் வந்து நிக்கும், தெரியாதவன் மனசுல ஒண்ணும் வராது. ரெண்டு பேருக்குமே படம் புரியாது. டாஷ்போர்டு வேற கேசு, அது பைக்லயும் கார்லயும் எல்லாரும் பாத்தது, அதுக்கு நாங்க புதுச்சொல் தேடவே இல்ல, டாஷ்போர்டுன்னே விட்டாச்சு, யாருக்காவது கோவம்னா தனியா திட்டுங்க. ஃபில்டருக்கும் 'சலித்தல்'தான் சரின்னு எங்கள்ல ஒருத்தர் அடம் பிடிச்சாரு, வடிகட்டுறது டீக்கு, தானியத்துக்குச் சலிக்கிறதுதானேன்னு, வாதம் சரிதான், ஆனா வடிகட்டி ஊறிப்போன சொல், அதோட பட்டன்ல 'சலிப்பு'ன்னு எழுதியிருந்தா அழுத்துறவனுக்கே கொட்டாவி வந்துடும்.

அக்கா, கட்புலனாக்கத்துல நீங்க ஜெயிச்சுட்டீங்க. யாருக்குக் காட்டுறோம்ங்கறது சொல்லுக்குள்ள இல்லன்னு சொன்னீங்களே, அத நான் யோசிக்கவே இல்ல. ஆனா ஒரு சங்கடம், இங்க இருக்குற பயனர் 'காட்சிப்படுத்தல்'னுதான் தேடுவாரு. அதனால மெனுத் தலைப்புல கட்புலனாக்கம், ரிப்போர்ட்டா எடுத்து அடுத்தவங்களுக்கு அனுப்புற எடத்துல மட்டும் காட்சிப்படுத்தல்னு பிரிச்சுட்டா? ஸ்னோவோட வரைபடம் அந்த ரெண்டாவது பட்டன்ல போயிடும்.

பாத்தி ஒரே அளவுதானேன்னு கேட்டீங்க. எங்க கொல்லையில நாத்துப் பாத்தி முழம் அகலம், வாழைக்குப் போட்டது வீடு அளவு. பிள்ளைங்க கேட்டா, எந்தப் பயிரு எவ்ளோன்னு பாத்து அதுக்குத் தகுந்தாப்ல கட்டுன பாத்தின்னு சொல்லிடலாம்.

துழாவலை மட்டும் விட மனசில்ல. இருட்டுல தடவுறதுன்னு சொன்னீங்க, அதுதாங்க வேணும்! 1973ல அன்ஸ்காம்ப்னு ஒரு புள்ளியியல்காரரு நாலு சின்ன அட்டவணை குடுத்தாரு, ஒவ்வொண்ணுலயும் 11 சோடி எண்ணு. எக்ஸோட சராசரி நாலுலயும் 9, ஒய்யோட சராசரி 7.5, எக்ஸும் ஒய்யும் எவ்ளோ சேந்து போகுதுன்னு சொல்ற ஒட்டுறவுக் கெழு நாலுலயும் 0.82 கிட்ட, பொருத்துற நேர்கோடுகூட ஒண்ணேதான். எண்ண மட்டும் வெச்சிருக்குறவன் நாலும் ஒண்ணுன்னு சத்தியம் பண்ணுவான். புள்ளி வெச்சுப் பாத்தா ஒண்ணு ஒழுங்கான சரிவு, ஒண்ணு வளைவு, ஒண்ணுல நேர்கோட்டுலேர்ந்து ஒரே ஒரு புள்ளி எகிறி நிக்குது, கடைசில எல்லாப் புள்ளியும் செங்குத்தா ஒரே வரிசையில நிக்க எங்கயோ தள்ளிக் கெடக்குற ஒத்தப் புள்ளி கோட்டப் புடிச்சு இழுக்குது. எண்ணு கையில இருந்தும் அவன் இருட்டுலதான் இருக்கான். படத்தப் போட்டப்புறமும் எது மேல கை படும்னு தெரியாது, தடவித் தடவித்தான் போகணும். 'ஆராய்தல்'னு போட்டா ஏற்கனவே கேள்விய எழுதி வெச்சுக்கிட்டு வந்த மாதிரி ஆயிடுது. ஆனாலும் உங்க ஊர்ல கொச்சையாத் தெரியும்னா சொல்லுங்க, ரெண்டு ஊருக்கும் ஒரே கோப்புதான் போகுது, 'துருவல்'னு மாத்தவும் தயார், தேங்காய் ஞாபகம் வந்தா பரவால்ல.

ஐயா, பருந்து நோக்கு பிரமாதம். ஷ்னெய்டர்மன் 1996ல ஒரு கட்டுரையில இந்த மாதிரி சிஸ்டம் கட்டுறவங்களுக்கு ஒரு வழி சொன்னாரு, இந்தத் துறையில எல்லாரும் மந்திரம் மாதிரி ஒப்பிப்பாங்க, முதல்ல மொத்தத்தையும் காட்டு, அப்புறம் கிட்டப் போகவும் வடிகட்டவும் விடு, கேட்டா மட்டும் விவரம் குடுன்னு. அதோட முதல் அடிதான் உங்க பருந்து நோக்கு. கடைசி அடிக்கு 'வீழ்வு' பட்டன்ல போட மட்டும் தயக்கமா இருக்கு, விற்பனை விவரம் பாக்குறவரு 'வீழ்வு'ன்னு பாத்தா கம்பெனி விழுந்துருச்சோன்னு பதறிடுவாரு. 'உள்ளிறங்கு'ன்னு வெச்சுக்கறோம், பருந்து எங்கயும் போகல. நடு அடிக்கு, அதான் ஜூமுக்கு, 'கிட்டப்பார்வை'ன்னு யாரோ எழுதியிருந்தீங்க, அது கண் டாக்டருக்குச் சொந்தம். 'உருப்பெருக்கு'ம் வேணாம், பூதக்கண்ணாடி மாதிரி அதே படம் பெருசாகுறது மட்டும் இல்ல இது, கிட்டப் போகப் போக முன்னாடி இல்லாத தெருப்பேரும் கடைப்பேரும் மொளைக்குதே. 'நெருங்கு, விலகு'ன்னு ரெண்டு பட்டன்.

உடன்துலங்கல எங்க மூணு பேருக்கும் காட்டுனேன், ஒருத்தரு உடனே திரையில புள்ளிய வளைச்சுட்டு "பாரு, துலங்குது"ன்னாரு. பேச்சுல தானா வந்துச்சு. பாத்திப்படம், பருந்து நோக்கு, உடன்துலங்கல் மூணும் நேத்து ராத்திரியே கோப்புல ஏத்திட்டேன்.

மிச்சம் பேரலல் கோஆர்டினேட்ஸ். நாலஞ்சு செங்குத்துக் கோடு வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணும் ஒரு அளவு, ஒரு கார்னா விலை, மைலேஜ், எடை, குதிரைத்திறன்னு, ஒவ்வொரு காரும் அந்தக் கோட்டையெல்லாம் குறுக்க வெட்டிக்கிட்டு நெளிஞ்சு ஓடுற ஒரு இழை. 1885ல பிரெஞ்சுக்காரர் டோகான் போட்ட யோசனை, 1985ல இன்செல்பர்க் அத திரும்ப எடுத்துப் பெருசாக்குனாரு, பக்காவா நூறு வருஷ இடைவெளி. 'இணையச்சு'ன்னு நேரா மாத்துனா இணையத்துல பிரிண்ட் எடுக்குறதுன்னு நெனைக்கிறாங்க, நெசமாவே ஒருத்தர் கேட்டுட்டாரு. எனக்குத் தோணுறது தறி. செங்குத்தா நிக்குற கோடெல்லாம் பாவு, குறுக்க ஓடுற ஒவ்வொரு ஆளும் ஊடை, அப்போ 'ஊடைப்படம்'. ஆனா நான் கொல்லைக்காரன், தறி பக்கத்துல நின்னு பாத்ததோட சரி. ஒரு இழை குறுக்கப் போறப்ப அதத் தனியா என்னன்னு சொல்லுவீங்க, ஊடைன்னே சொல்லுவீங்களா, இல்ல வேற பேரு இருக்கா? நெசவு வீட்டுக்காரங்க யாராவது குழுல இருந்தா ஒரு வரி எழுதுங்க, அதுவரைக்கும் அந்த ஒரு வரிய மட்டும் காலியா விட்டு வெச்சிருக்கேன்.